கேரியரைப் பிடிக்கிறவர்

"நாந்தானுங்க" என்றார் நஞ்சப்பன். சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்துகொண்டார். கட்டிலில் தலையணையில் சாய்ந்திருந்த அவர் மனைவி கோகிலவாணிக்கு உச்சந்தலை சுர்ரென்றது. பொய். பச்சைப் பொய். இந்த மனுசனா குளிப்பாட்டுகிறார்? குளியலறைக்குள் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, வாளியை இடதுபக்கமாக நகர்த்தி வைத்துவிட்டு வெளியே போய், கதவுக்கு அந்தப்பக்கம் நின்று "ஆச்சா புள்ள, ஆச்சா" என்று கேட்டுக்கொண்டிருப்பதற்குப் பெயர் குளிப்பாட்டுவதா? இடதுகையால் மக்கைப் பிடித்து, மொண்டு, தலைக்கு மேல் தூக்கி ஊற்றிக்கொள்கிறவள் யார்? சோப்பைத் தொடையிடுக்கில் வைத்துக்கொண்டு துண்டை அதன்மேல் தேய்த்து நுரை எடுக்கலாம் என்று கண்டுபிடித்தவள் யார்? அதை இந்த ஆஸ்பத்திரியில் ஒருத்தரும் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. தண்ணீர் கண்ணில் இறங்க, சோப்பு மூன்று தடவை வழுக்கிக்கொண்டு போக, யார்மேல் என்று தெரியாத ஆத்திரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு அவளே கண்டுபிடித்தது. அதையெல்லாம் தூக்கி ஒரே சொல்லில் தன் பையில் போட்டுக்கொண்டார். நாந்தானுங்க. கட்டிலின் காலடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த ஷெரின், இந்த மறுவாழ்வு ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பெண், மடியில் இருந்த தாளில் ஒரு எண்ணை எழுதினாள். என்ன எண் என்று வாணிக்குத் தெரியவில்லை. ஆனால் பேனா போன போக்கைப் பார்த்தால், தானே செய்கிறவர்களுக்குப் போடுகிற ஏழு இல்லை. ஏழு என்றால் பேனா ஒரு கோடு இழுத்து அப்புறம் சரிந்து இறங்கியிருக்கும். இது குத்தி எடுத்த மாதிரி ஒரே கோடு.

வாணி வாயைத் திறந்தாள். பொய் என்று ஒரே ஒரு சொல் சொன்னால் போதும். உள்ளே அது பளிச்சென்று இருக்கிறது, எழுத்துப் பிசகாமல் இருக்கிறது, நாக்குக்கு அனுப்பினால் பாதி வழியில் யாரோ பிடுங்கிக்கொள்கிறார்கள். "த்... த்..." என்றது வாய். "தண்ணியா கண்ணு?" என்று நஞ்சப்பன் பாட்டிலை எடுத்தார். அவள் இடதுகையால் பாட்டிலைத் தள்ளினாள். "வேண்டாமாட்டம் இருக்குதுங்க" என்று ஷெரினிடம் சிரித்தார். பெருந்துறை ரோட்டில் மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று அவள் போட்ட சத்தம் அந்தக் கோடியில் டீக்கடையில் கேட்கும். வாணி டூவீலர் டிரைவிங் ஸ்கூல், பெண்களுக்கு மட்டும். கிளட்சு, கிளட்சு, பிரேக்கைப் புடிக்காதே, காலை எடு, காலைக் கீழே வைக்காதே, முன்னால பாரு, மூஞ்சியைப் பாக்காதே ரோட்டைப் பாரு. எத்தனை பெண்களை அந்தக் குரலே தூக்கி வண்டியில் உட்கார வைத்திருக்கும். நாற்பது வயதில் பயந்துகொண்டு வந்தவர்கள், போலியோ கால் உள்ளவர்கள், மாமியாருக்குத் தெரியாமல் வந்தவர்கள், எல்லாரையும் திட்டித் திட்டித்தான் ஓட்ட வைத்தாள். அந்தக் குரலை ஒரு காலை நேரத்தில் யாரோ அணைத்துவிட்டார்கள். மைதானத்தில் எட்டு வரைந்துகொண்டிருந்தாள். சுண்ணாம்புப் பொடியை வலதுகையில் அள்ளி விரலிடுக்கில் விட்டுக்கொண்டே நடந்தால் எட்டு தானாக விழும், தினமும் போடுகிற கை. மேல் வட்டம் முடிந்தது. கீழ் வட்டத்தில் பாதி போகும்போது பொடி மொத்தமாகக் கீழே கொட்டியது. கையை மூடு என்றாள் கையிடம். கை கேட்கவில்லை. சொன்ன பேச்சைக் கேட்காத கையைப் பார்த்து அவளுக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை. முதல் முறையாக இங்கே பேச்சு வந்ததும் கோபத்தில்தான். சாப்பாட்டு வண்டி காலில் இடித்தபோது "சனியனே!" என்று வாயிலிருந்து முழுசாக, சுத்தமாக வந்துவிட்டது. வார்டே கைதட்டியது. நஞ்சப்பன் மகளுக்கு போன் போட்டு, அம்மா சனியனேன்னு சொல்லிட்டா சாமி, என்று அழுதார். ஷெரின்தான் விளக்கினாள்: "யோசிச்சுப் பேசுறதுதாம்மா மாட்டுது. கோவத்துல வர்றது, சொல்லிச் சொல்லிப் பழகினது, அதெல்லாம் வேற வழியா வந்துரும், என்ன?" அந்த வேற வழி இப்போது எங்கே போய்த் தொலைந்தது?

காலையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது, அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. மாடியில் பயிற்சிக் கூடத்தில் ஷெரின் முதல் தாளை வைத்துக்கொண்டு செஞ்சு காட்டுங்கம்மா என்றாள். வாணி செய்து காட்டினாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறினாள். சீப்பை எடுத்து இடதுகையால் வகிடு பிடித்தாள், கோணல் வகிடுதான், ஆனால் வகிடு. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு படி ஏறி இறங்கினாள். கைப்பிடி வளைந்த ஸ்பூனில் அவலை அள்ளிச் சிந்தாமல் வாய்க்குக் கொண்டுபோனாள். ஷெரின் கூட்டிப் பார்த்து, "நூத்துக்கு எண்பத்தஞ்சும்மா!" என்று கையைப் பிடித்துக் குலுக்கினாள். குலுக்கியது வலதுகையை, அதில் குலுக்கலே தெரியவில்லை. அப்புறம்தான் டாக்டர் சொல்லியிருந்த இரண்டாவது தாளை எடுத்தாள். அவள் மேல்படிப்புக்கு ஆராய்ச்சி செய்கிறாளாம். ஒரே ஆளை இரண்டு தாளிலும் அளந்து, எது ஆளைச் சரியாகச் சொல்கிறது என்று பார்க்க வேண்டுமாம். முதல் தாள் என்ன செய்ய முடியும் என்று பார்க்கிறது. இரண்டாவது தாள், தினப்படி வாழ்க்கையில் நிஜமாகவே என்ன செய்கிறார் என்று கூட இருப்பவர்களைக் கேட்கிறது. ஒவ்வொரு வேலைக்கும் ஏழு படி. தானே செய்தால் ஏழு, மொத்தமும் அடுத்தவர் செய்தால் ஒன்று. இதை விளக்க ஷெரின் ரொம்பப் பாடுபட்டாள், கையை விரித்தாள், படம் போட்டாள். வாணிக்கு முதல் வாக்கியத்திலேயே புரிந்துவிட்டது. ஆர்டிஓ முன்னால் எட்டு போட்டுக் காட்டுவது ஒன்று, மறுநாள் சந்தைக்கு வண்டியை எடுத்துக்கொண்டு போவது ஒன்று. காலை ஊன்றாமல் எட்டு போட்டு லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போனவர்களில் பாதிப் பேர் அப்புறம் வண்டியைத் தொட்டதே இல்லை. லைசென்ஸ் பீரோவில், அந்தம்மா புருசனுக்குப் பின்னால். எட்டை நம்பாதே, ரோட்டில் பார்த்தால்தான் நம்புவேன் என்று அவளே எத்தனை தடவை கத்தியிருக்கிறாள். ஆக இரண்டாவது தாள்தான் யோக்கியமான தாள், அவளைக் கேட்டிருந்தால் அவளும் அதைத்தான் எடுத்திருப்பாள். ஆனால் ரோட்டில் ஓட்டுகிறாளா இல்லையா என்று அவளைக் கேட்க மாட்டார்கள், பின்னால் உட்கார்ந்திருக்கிறவரைக் கேட்பார்கள் என்று யாருக்குத் தெரியும்?

"சீவிவிடறது, பவுடர் போடறது எல்லாம்?" என்றாள் ஷெரின். "நாந்தானுங்க. செடை பின்னக்கூடக் கத்துக்கிட்டனுங்க." குத்தி எடுத்த ஒற்றைக் கோடு. மகள் நித்யகலா விடியற்காலையிலேயே பெங்களூரிலிருந்து காரில் கிளம்பிவிட்டாள். இந்நேரம் சேலத்தைத் தாண்டியிருப்பாள், சாப்பாட்டு வேளை முடிவதற்குள் இங்கே கோயம்புத்தூருக்கு வந்துவிடுவாள். போன தடவை அவள் வந்திருந்தபோது, நஞ்சப்பன் கீழே மருந்து வாங்கப் போயிருந்த நேரத்தில், டாக்டர் சொன்னார். இரண்டாவது தாளில் நல்லபடியாக வந்தால், தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்கிறார் என்று அர்த்தம், பெருந்துறைக்கே போகட்டும். வராவிட்டால் அப்பா தனியாக இவரைத் தூக்கி உட்கார வைக்க முடியாது, அவருக்கே நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருக்கிறது, மகளோடு போவதுதான் உத்தமம். மகளுக்கு அதைக் கேட்டதும் முகத்தில் ஒரு நிம்மதி. நல்ல பெண்தான், அம்மாவுக்கு என்று ஓர் அறையை ஒழித்துவிட்டாள், நர்சுக்குச் சொல்லிவிட்டாள், பன்னிரண்டாவது மாடி. வாணி ஒருதடவை அங்கே போய் இருந்திருக்கிறாள். சன்னலைத் திறந்தால் வலை. கீழே போகிற வண்டிச் சத்தம்கூட மேலே வராது. காலையில் எழுப்பி, துடைத்து, நாற்காலியில் வைத்து, டிவியைப் போட்டு, மத்தியானம் துடைத்து, சாயங்காலம் துடைத்து. அங்கே ஒருமுறை போனால் அவ்வளவுதான், பீரோவில் வைத்த லைசென்ஸ் மாதிரிதான். அவளுக்கு வேண்டியது என்ன? பெருந்துறை வீடு, மைதானம், மைதானத்து ஓரம் ஒரு நாற்காலி, கழுத்தில் விசில். விசிலுக்கு வார்த்தை வேண்டாம். கோணிக்கொண்ட உதட்டில் காற்று நிற்க வேண்டும், அவ்வளவே. அதற்காகவே ஷெரின் கொடுத்த உறிஞ்சுகுழலில் கன்னம் வலிக்க வலிக்கத் தண்ணீரில் குமிழி ஊதிக்கொண்டிருக்கிறாள், சின்னப் பிள்ளை மாதிரி. காலை ஊன்றுகிறவளுக்கு ஒரு விசில், பிரேக்கை நசுக்குகிறவளுக்கு இரண்டு. ஓட்ட வைத்துவிடலாம். இந்த மனுசன் வாயை மூடினால் ஓட்ட வைத்துவிடலாம்.

"கக்கூசுக்குப் போறது?" "நாந்தானுங்க கூட்டிட்டுப் போறது. ராத்திரியில எத்தனை தடவைன்னாலும் சலிச்சுக்கறதில்லீங்க. கழுவி உடறதும்..." வாணியின் இடதுகை கட்டில் கம்பியில் ஓங்கி அடித்தது. அடித்த சத்தம் வார்டு முழுக்கக் கேட்டது. கழுவியும் விடுகிறாரா! அட மனுசா, இதைச் சொல்ல உனக்கு வெட்கமில்லை, கேட்க எனக்கு உடம்பு கூசுகிறது. பக்கத்துக் கட்டில் தெய்வானை, அவளுக்கும் இதே பக்கவாதம்தான், இடதுபக்கம், ஆனால் வாய்க்கு ஒரு குறையும் இல்லை, திரும்பிப் பார்த்து, "நீ அழுகாதே வாணி. இப்பிடி ஒரு மனுசன் யாருக்குக் கெடைப்பாரு சொல்லு. எங்கூட்டுக்காரர் எட்டிப் பாக்கறதில்லை" என்றாள். அழவில்லையடி, கொதிக்கிறேன். இரண்டுக்கும் ஒரே முகம் ஆகிப்போனது, பாதி முகம் அசையாது என்றால் கோபம்கூட அழுகை மாதிரித்தான் தெரியும் போலிருக்கிறது. எதற்கு இப்படிப் பொய் சொல்கிறார்? பொய் பேசுகிற ஆளே இல்லை. கூட்டுறவு சொசைட்டியில் எழுத்தராக இருந்து, யாரோடும் ஒரு சொல் கூடக்குறையப் பேசாமல் ஓய்வு பெற்றவர். வாணி பார்த்தாள். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். காலையில் பார்த்தபோது மகள் வருகிறாள் என்று போட்டிருக்கிறார் என்று நினைத்தாள். இரண்டு கையும் முழங்கால்மேல், கேள்வி வருவதற்கு முன்னாலேயே பதில் சொல்லக் காத்திருக்கிற உதடு. இந்த உட்காரல் அவளுக்குத் தெரியும். ஆர்டிஓ ஆபீஸ் பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்த உட்காரல். டிரைவிங் ஸ்கூல்காரி புருசன், எட்டில் பாதி போனதும் காலை ஊன்றி, மறுபடி போய் மறுபடி காலை ஊன்றி, கடைசியில் லைசென்சே வேண்டாம் என்று பெண்டாட்டி வண்டியிலேயே பின்னால் உட்கார்ந்து வந்த மனுசன். ஊரே கேலி பேசியது, அவர் பாட்டுக்குப் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். நேற்று மகள் போனில் என்ன சொன்னாள்? போனை ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் வாணிக்கும் கேட்டது. "அப்பா, நாளைக்கு அம்மாவை எப்படி வெச்சுப் பாத்துக்கறீங்கன்னு உங்ககிட்ட கேப்பாங்க. ஒழுங்கா பதில் சொல்லுங்க. அதை வெச்சுத்தான் அம்மா எங்க இருக்கறதுன்னு முடிவு." அவர் சரி சாமி, சரி சாமி என்றார். அட கடவுளே. பரீட்சை தனக்கு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். பெண்டாட்டியைச் சரியாகக் கவனிக்கிற ஆள்தானா என்று தன்னைச் சோதிக்கிறார்கள், கொஞ்சம் குறைந்தாலும் அவளைப் பெங்களூருக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பயந்துபோய், இந்தத் தடவையாவது காலை ஊன்றாமல் எட்டை முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறார். ஒவ்வொரு நாந்தானுங்கவுக்கும் கார் ஒரு மைல் கிட்டே வருகிறது, அது தெரியாமல் சிரிக்கிறார். பாவமாக இருந்தது, பாவமாக இருப்பதே இன்னும் ஆத்திரமாக இருந்தது. கல்யாணமாகி இத்தனை வருசத்தில் ஒரு பரீட்சையில் பாஸ் செய்ய இவருக்கு இந்த நாள்தான் கிடைத்ததா?

"சாப்பாடு?" என்றாள் ஷெரின். "அதும் நாந்தானுங்க. மூணு நேரமும் இந்தக் கையாலதானுங்க." பொய் என்று மறுபடி உள்ளே கிளம்பிய கத்தல் நடுவழியில் நின்றது. இது பொய் இல்லை. இது ஒன்றுதான் பொய் இல்லை. மாடியில் வளைந்த ஸ்பூனும் அவலும் சரி. வார்டில் ஸ்பூன் கிடையாது, எவர்சில்வர் தட்டும் சோறும் குழம்பும். சோத்தாங்கை செத்துக் கிடக்கிறது, மிச்சம் இருப்பது பீச்சாங்கை. காலையில் அந்தக் கையால் என்ன செய்தாளோ அதே கையால் சோற்றைப் பிசைந்து வாயில் வைக்க வேண்டும். இரண்டு தாளையும் எழுதினவர்கள் எந்த ஊரோ, அவர்கள் ஊரில் கை என்றால் கைதான் போல, சோற்றுக்கு ஒன்று அதற்கு ஒன்று என்று இல்லை போல. சாப்பிடுகிறாரா, ஆம், இல்லை. எந்தக் கையால், எத்தனை பேர் பார்க்க, என்று ஒரு கேள்வி இல்லை. இங்கே வந்த புதிதில் ஒரு சாயங்காலம் துணிந்து இடதுகையைத் தட்டில் வைத்தாள். தெய்வானையைப் பார்க்க வந்த பேத்தி, "அம்மா, அந்தம்மா பீச்சாங்கையில திங்குது" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள். எட்டுக் கட்டிலிலும் முகங்கள் வேறுபக்கம் திரும்பின, மரியாதைக்குத் திரும்பின, அதுதான் தாங்கவில்லை. வாணி கையை எடுத்துவிட்டாள். நஞ்சப்பன் தட்டை வாங்கி, பிசைந்து, உருட்டி, ஊட்டினார். வாயைத் திறந்தாள். அன்றிலிருந்து திறந்துகொண்டுதான் இருக்கிறாள். யாரைத் திட்டுவது? மைதானத்துக்குப் புருசன்மார் கூட வருவார்கள். பெண்டாட்டி வண்டியில் உட்கார்ந்ததும் பின்னால் ஓடிவந்து கேரியரைப் பிடித்துக்கொள்வார்கள், விழுந்துருவா மேடம் என்பார்கள். அன்புதான், அதில் சந்தேகமில்லை, முகம் வியர்க்கப் பின்னால் ஓடுவார்கள். ஆனால் பிடித்திருக்கிற வரைக்கும் அந்தப் பெண்ணுக்கு வண்டி வராது. பிடித்திருக்கிறார்கள் என்று அவள் இடுப்புக்குத் தெரியும், இடுப்பு வேலையே செய்யாது. கேரியரை உடுங்க என்று வாணி முதலில் மரியாதையாகச் சொல்வாள். இரண்டாவது தடவையும் உடுங்க. மூன்றாவது தடவை மரியாதை போய்விடும், மைதானம் அதிரக் கத்துவாள். அப்போதுதான் விடுவார்கள். விட்ட பிறகும் இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு வெறுங்கையோடு ஓடுவார்கள். அந்தப் பெண்ணிடம் வாணி சொல்வது ஒன்றேதான், திரும்பிப் பாக்காதே, பாத்தா விழுவே. இத்தனை பேரிடம் சொன்னவள் இங்கே வந்து மூன்று வேளையும் கேரியரைப் பிடிக்கக் கொடுத்துவிட்டு வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். இடுப்பு வேலை செய்யாத பொம்பளை. அவரைத் திட்ட வைத்திருந்ததை எல்லாம் தனக்குத் தானே திட்டிக்கொண்டாள். தீரவில்லை.

ஷெரின் கூட்டிப் பார்த்தாள். மறுபடி கூட்டினாள். முதல் தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்து நெற்றியைச் சுருக்கினாள். "ஒரே ஆளுக்கு இவ்வளவு வித்தியாசம் நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னாள். நஞ்சப்பன் ஸ்டூல் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்தி, "எனக்கு எத்தனை மார்க்குங்க?" என்றார். "உங்களுக்கா?" ஷெரின் சிரித்துவிட்டாள். "மார்க்கு உங்களுக்கில்லப்பா, அம்மாவுக்கு. அவங்க தானா எவ்வளவு செய்றாங்கன்னு பாக்கத்தான் இது. எல்லாமே நீங்க செய்றதாச் சொல்லிட்டீங்க, அதனால ரொம்பக் கம்மியா வந்திருக்கு." நஞ்சப்பன் அவளையே பார்த்தார். "அப்ப... கம்மின்னா... பெங்களூருங்களா?" "டாக்டர் இதைத்தாம்பா பாப்பாரு." அவர் எழுந்து நின்றார், உட்கார்ந்தார், "ஏனுங்க, நான் பொய் சொல்லிட்டனுங்க. அவளேதானுங்க குளிக்கறா. அவளேதான் சீவறா. நான் கதவுக்கு வெளியே நிக்கறதோட செரிங்க. என்னையத்தான் கேக்கறீங்கன்னு நெனச்சுட்டனுங்க" என்றார், ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பிக் கொடுப்பது போல. ஷெரினுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. "மார்க்கைக் கேட்டதும் எல்லா வீட்டுலயும் இப்படித்தாம்பா மாத்திச் சொல்லுவாங்க. நான் எதைன்னு எழுதட்டும்? என் கண்ணு முன்னால ஒண்ணாவது மாறி நடந்தா, மொதல்ல இருந்து திருப்பிக் கேக்கறேன்." அதற்குள் வாசலில் சாப்பாட்டு வண்டியின் சக்கரம் கடகடவென்றது. ஷெரின் எழுந்திருக்கவில்லை. குளியலைக் காட்ட முடியாது, கக்கூசைக் காட்ட முடியாது. பொய் சொன்னது எதையும் இப்போது பொய் என்று காட்ட முடியாது. வந்து நிற்பது சோறு. அவர் சொன்னதில் உண்மையாக இருந்தது இது ஒன்று, இதைத்தான் இந்த நிமிசம் பொய்யாக்க வேண்டும், எட்டுக் கட்டில் பார்க்க, பீச்சாங்கையால்.

தட்டு வந்தது. சோறு, பருப்பு, புடலங்காய்ப் பொரியல், ஓரத்தில் ரசம். நஞ்சப்பன் என்ன செய்தார்? இவ்வளவு நடந்த பிறகு, கண்ணில் தண்ணீர் நிற்க, அந்த மனுசன் தட்டைத் தன் மடிக்கு இழுத்து, சோற்றில் பருப்பைப் பிசைந்து, உருட்டி, வாணியின் வாய்க்கு நேராக நீட்டினார். பழக்கம். கைக்கு வேறொன்றும் தெரியவில்லை. அதைவிட மோசம், வாணியின் வாய் பாதி திறந்தேவிட்டது. உதட்டில் உருண்டையின் சூடு பட்டது, பருப்பு மணத்தது, பசித்தது. தெய்வானை ச்சொச்சொ என்றாள். ஷெரின் பேனாவை மூடியில் செருகப்போனாள். திறந்த வாயும் கேரியரில் அவர் கையும் பின்னால் சேலத்திலிருந்து வந்துகொண்டிருக்கும் காரும் எல்லாம் ஒன்றாக உச்சந்தலையில் ஏறியது. யோசிக்கவில்லை. ஒரு சொல்லையும் தேடவில்லை. மைதானம் முழுக்கக் கேட்கிற குரலில், உடையாமல், திக்காமல், பழைய வாணி கத்தினாள்: "உடுய்யா கேரியரை!"

கட்டின புருசனை ஒருநாளும் ஏனுங்க என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை, வீட்டுக்குள்ளேகூட யா போட்டதில்லை, இன்று பத்துப் பேருக்கு நடுவே போட்டாகிவிட்டது. போட்டதுக்கு அவள் வருத்தப்படவில்லை, இன்னொரு தடவை போடவும் தயாராக இருந்தாள். நஞ்சப்பனுக்கு அந்தச் சத்தம் தெரியும். மைதானத்து வேலி ஓரம் பையை வைத்துக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்த எத்தனையோ சாயங்காலங்களில் மற்ற புருசன்மார்மேல் அது விழுந்து கேட்டிருக்கிறார். உருண்டையைத் தட்டில் வைத்தார். தட்டைக் கட்டில் மேசையில் அவள் முன்னால் நகர்த்தி வைத்தார். எழுந்து இரண்டடி பின்னால் போனார். இரண்டு கையும் முன்னால் நீண்டபடியே நின்றன, பிடிக்க ஒன்றும் இல்லாமல். வாணி இடதுகையைத் தட்டில் வைத்தாள். சோறு சுட்டது. பிசையத் தெரியாத கை, விரல்கள் ஒன்றுக்கொன்று சண்டை போட்டன, பாதி சோறு மேசையில், கொஞ்சம் மாரில். அள்ளினாள், வாய்க்குக் கொண்டுபோனாள், கோணல் வாயின் ஓரத்தில் பருப்பு வழிந்தது, முழுங்கினாள். அடுத்ததை அள்ளினாள். முகங்கள் திரும்பினவோ திரும்பவில்லையோ, அவள் பார்க்கவில்லை. முன்னால் பாரு, தட்டைப் பாரு. ரசத்தை ஊற்றிக்கொண்டாள், அது மேசை ஓரமாக ஓடிக் கீழே சொட்டியது, நஞ்சப்பனின் கை தானாகத் துண்டை எடுத்தது, எடுத்த துண்டோடு அங்கேயே நின்றது. ஷெரின் எழுதி முடித்த தாளை ஃபைலுக்கு அடியில் வைத்துவிட்டு வேறொரு தாளை எடுத்தாள். தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"மொதல்ல இருந்து வருவோம்பா" என்றாள். "குளிப்பாட்டறது யாரு?"

அவர் வாய் பழக்கத்தில் நா என்று திறந்தது. திறந்ததை மூடிக்கொண்டார். வாணி திரும்பிப் பார்க்கவில்லை, இடதுகையால் அடுத்த வாயை அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அவதானுங்க" என்றார் நஞ்சப்பன்.